கொற்கை மண்ணைத் தோண்டிய கால்டுவெல்

சித்திரம் கற்க வீட்டை விட்டுப் புறப்பட்ட ஒரு சிறுவன், தேரிக்காட்டில் குடியேறித் தமிழின் தொன்மையைத் தேடிய வரலாறு

திருநெல்வேலியை அடுத்த ரெட்டியார்பட்டியில், 13 ஏக்கர் பரப்பில், பொருநை அருங்காட்சியகம் எழுந்திருக்கிறது. 2025 டிசம்பரில் அது திறக்கப்பட்டது. பொருநை என்பது தாமிரபரணிக்குப் பழந்தமிழர் வழங்கிய பெயர். அந்த ஆற்றங்கரையின் மூன்று ஊர்களுக்கு அங்கே தனித்தனிக் கட்டடங்கள் உண்டு. ஒன்று ஆதிச்சநல்லூருக்கு. மற்றொன்று சிவகளைக்கு. மூன்றாவது கொற்கைக்கு.

இவற்றுள் கொற்கை, பாண்டியரின் பழைய துறைமுகம். முத்துக்குப் பெயர் போன பட்டினம். கிரேக்க நாட்டு மாலுமிகளுக்கும் தெரிந்திருந்த ஊர். ஆனால் இன்று கொற்கைக்குப் போகிறவர்கள் அங்கே கடலைக் காண முடியாது. வயலும், குளமும், வாழைத் தோட்டமுமே தென்படும். கடல் சில மைல் தொலைவுக்கு அப்பால் விலகிப் போய்விட்டது.

அந்தக் கடல் எங்கே போயிற்று? அந்தப் பட்டினம் என்ன ஆயிற்று? இந்தக் கேள்விகளோடு கொற்கையின் வயல்வெளியில் ஆட்களை வைத்துத் தோண்டிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அது நடந்து ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகின்றன. அப்போது அவருக்கு வயது 62. அவர் தொல்பொருள் துறை அதிகாரி அல்லர், கிறிஸ்தவப் பாதிரியார். அவர்தான் ராபர்ட் கால்டுவெல்.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லைத் தமிழ் மக்கள் அறிவார்கள். மண்ணைத் தோண்டிய கால்டுவெல்லை அறிந்தவர்கள் குறைவு.

சித்திரக்காரச் சிறுவன்

கால்டுவெல் 1814 மே 7ஆம் தேதி, அயர்லாந்தில், கிளாடி என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். வசதியான குடும்பம் அல்ல. பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குத் திரும்பியது.

பள்ளிப் படிப்பு அவருக்கு அதிகம் கிட்டவில்லை. சிறு வயதிலேயே வேலைக்குப் போக நேர்ந்தது. ஆனால் கைக்குக் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்துத் தீர்த்தார்.

கூடவே அவருக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அது சித்திரம் வரைவது. பதினைந்து வயதில் டப்ளின் நகருக்குச் சென்று, அங்கிருந்த அண்ணன் வீட்டில் தங்கிச் சித்திரக் கலை பயின்றார். பரிசுகளும் வாங்கினார். அந்த வழியிலேயே போயிருந்தால், ஏதாவது ஓர் ஐரோப்பியக் கலைக்கூடத்தில் அவர் தீட்டிய படம் ஒன்று தொங்கிக் கொண்டிருக்கும். தமிழுக்கு ஒரு கால்டுவெல் கிடைத்திருக்க மாட்டார்.

டப்ளினில் இருந்தபோதே அவர் மனம் சமயத்தின் பக்கம் திரும்பியது. தூரிகையைக் கீழே வைத்தார். கிளாஸ்கோவுக்குத் திரும்பி, லண்டன் மிஷனரி சங்கத்தில் சேர்ந்தார். அந்தச் சங்கம் அவரைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. அங்கே கிரேக்க மொழி கற்பித்தவர் சாண்ட்போர்டு என்ற பேராசிரியர். மொழிகளை ஒன்றோடொன்று வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையை மாணவர் உள்ளத்தில் விதைத்தவர் அவரே. அந்த விதை முளைத்து மரமானது, பல ஆயிரம் மைலுக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையில்!

நடந்தே வந்த துரை

1837 ஆகஸ்டு மாதக் கடைசியில் கால்டுவெல் கப்பல் ஏறினார். புறப்பட்ட சில நாட்களிலேயே அந்தக் கப்பல் ஒரு பிரெஞ்சுக் கப்பலோடு மோதியது. பழுது பார்த்துக்கொண்டு மீண்டும் புறப்பட வேண்டியதாயிற்று. அதே கப்பலில், தெலுங்கு மொழிக்குப் பெருந்தொண்டு செய்த சி.பி. பிரவுனும் பயணம் செய்தார். நீண்ட கடற்பயணத்தில் இந்திய மொழிகளைப் பற்றி இளைஞர் கால்டுவெல்லுக்கு முதல் பாடம் அவரிடம் கிடைத்தது.

1838 ஜனவரி 8ஆம் தேதி கப்பல் சென்னைக்கு வந்து சேர்ந்தது. சென்னையில் மூன்று ஆண்டுகள் தங்கித் தமிழ் படித்தார். பிறகு சங்கம் மாறினார். எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் சபைச் சங்கத்தில் சேர்ந்து, 1841இல் உதகமண்டலத்தில் குருப்பட்டம் பெற்றார். திருநெல்வேலிச் சீமையில் பணிபுரிய அவரை அனுப்பினார்கள்.

வெள்ளைக்காரத் துரைமார் பல்லக்கிலும் குதிரையிலும் போய் வந்த காலம் அது. கால்டுவெல்லோ சென்னையிலிருந்து நடந்தே புறப்பட்டார். தஞ்சை வழியாக நீலகிரிக்கு ஏறி இறங்கினார். கோவை, மதுரை என்று ஊர் ஊராக நடந்தார். மக்களைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவர்கள் நடக்கும் பாதையில் நடக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். வழிநெடுக அவர் காதில் விழுந்த தமிழ், புத்தகத்தில் படித்த தமிழ் அல்ல. சந்தையிலும் சாவடியிலும் வழங்கிய தமிழ்.

1841ஆம் ஆண்டின் கடைசியில் அவர் போய்ச் சேர்ந்த ஊர் இடையன்குடி.

தேரிக்காட்டில் ஓர் ஊர்

திசையன்விளைக்கு அருகே உள்ளது இடையன்குடி. சுற்றிலும் செம்மணல் தேரி. காற்று அடித்தால் மணல் மேடு இடம் மாறும். பனை ஒன்றுதான் அந்த மண்ணை நம்பி நிற்கும் மரம். பனை ஏறிப் பதநீர் இறக்குவதும், கருப்பட்டி காய்ச்சுவதுமே ஊராருக்குப் பிழைப்பு.

அந்த ஊரில்தான் கால்டுவெல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் குடியிருந்தார்.

வளைந்து நெளிந்து கிடந்த சந்துகளை மாற்றி நேரான தெருக்கள் அமைத்தார். கிணறுகள் தோண்டினார். மரங்கள் நட்டார். பள்ளிக்கூடம் வைத்தார். டப்ளினில் படம் வரைந்த கை, இடையன்குடி மணலில் ஓர் ஊரையே வரைந்து காட்டியது.

1844இல் நாகர்கோவில் மிஷனரி மால்ட் என்பவரின் மகள் எலைசாவை மணந்தார். எலைசா இந்தப் பக்கத்திலேயே வளர்ந்தவர். பேச்சுத் தமிழ் அவருக்குச் சரளமாக வரும். பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். பெண்களுக்கு லேஸ் பின்னும் தொழிலைக் கற்றுக் கொடுத்தார்.

1847இல் ஊரில் ஒரு பெரிய கோவிலுக்கு அஸ்திவாரம் போடப்பட்டது. பணம் வந்தபோது வேலை நடந்தது, வராதபோது நின்றது. இப்படியே 33 ஆண்டுகள் சென்றன. 1880இல்தான் பரிசுத்த திரித்துவ ஆலயம் பிரதிஷ்டை ஆயிற்று.

ஒரு நூலும் ஒரு மனக்காயமும்

கால்டுவெல்லின் வாழ்வில் எல்லாமே புகழாக அமைந்துவிடவில்லை. 1849இல், தம்மைச் சுற்றி வாழ்ந்த பனைத் தொழிலாளர் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். சீமையில் உள்ளவர்களிடம் மிஷன் பணிக்கு ஆதரவு தேடும் நோக்கத்தோடு எழுதப்பட்ட நூல் அது. ஆனால் அதில் அந்தச் சமூகத்தைத் தாழ்த்திச் சொன்ன பகுதிகள் இருந்தன.

அச்சமூகத்தில் ஆங்கிலம் படித்த தலைமுறை ஒன்று உருவானதும், அந்த நூல் அவர்கள் கண்ணில் பட்டது. அவர்கள் கொதித்தெழுந்தார்கள். மறுப்பு நூல்கள் எழுதினார்கள். மனுக்கள் அனுப்பினார்கள். கடைசியில் நூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது.

யாருக்காக உழைத்தாரோ, அவர்கள் மனத்தையே அவருடைய எழுத்து புண்படுத்தியது. வெளியிலிருந்து வந்தவர், வந்த எட்டு ஆண்டுகளுக்குள் ஒரு சமூகத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதத் துணிந்ததன் விளைவு அது. அவரது வரலாற்றைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

1854இல் அவர் விடுமுறையில் சீமைக்குப் போனார். ஓய்வெடுக்க அல்ல. பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளை உடன் கொண்டு போனார். 1856இல் லண்டனில் அவருடைய ஒப்பிலக்கணம் வெளிவந்தது.

இந்திய மொழிகள் அனைத்தும் வடமொழியிலிருந்து கிளைத்தவை என்பதே அறிஞர் பலரின் கருத்தாக அப்போது இருந்தது. அது தவறு என்று சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816இலேயே எழுதியிருந்தார். ஆனால் தம் ஆராய்ச்சியை முடிக்காமலே அவர் 1819இல் இறந்துபோனார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, ஒரு பெரிய நூலாகவே கட்டி முடித்தவர் கால்டுவெல்.

அவர் கையாண்ட முறை எளிமையானது. கடன் வாங்கக்கூடிய சொற்களை ஒதுக்கினார். எந்த மக்களும் எளிதில் கடன் வாங்காத சொற்களை எடுத்துக்கொண்டார். தமிழில் கண், தெலுங்கில் கன்னு, கன்னடத்தில் கண்ணு. தமிழில் மூன்று, மலையாளத்தில் மூன்னு, தெலுங்கில் மூடு, கன்னடத்தில் மூரு. இப்படியே நான், நீ என்னும் இடப்பெயர்களையும், வேற்றுமை உருபுகளையும், வினைச்சொல் அமைப்பையும் வரிசையாக அடுக்கினார். இவை ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது விளங்கிற்று. இந்தக் குடும்பத்துக்கு, வடமொழி நூல்களில் வழங்கிய ஒரு சொல்லை எடுத்து, திராவிடம் என்று பெயரிட்டார். 1875இல் நூலை விரிவாக்கி இரண்டாம் பதிப்பு வெளியிட்டார். அதில் பன்னிரண்டு மொழிகள் இடம்பெற்றன.

வடமொழிச் சொற்களை நீக்கிவிட்டாலும் தமிழ் தன் காலில் தனித்து நிற்கும் என்று அவர் காட்டியது, பிற்காலத் தமிழ்நாட்டின் வரலாற்றையே மாற்றியது.

இருந்தாலும் ஒரு குறை அவரை வாட்டியிருக்க வேண்டும். தமிழ் தனித்த மொழி என்பதற்கு இலக்கணம் சாட்சி சொன்னது. அதன் வயது என்ன என்பதற்குச் சாட்சி ஏது? சங்க நூல்கள் அப்போது அச்சேறவில்லை. ஏட்டுச் சுவடிகளாக மடங்களிலும் வீடுகளிலும் கிடந்தன. கைக்குக் கிடைத்த நூல்களை வைத்துக் கணக்கிட்ட கால்டுவெல், இன்று கிடைக்கும் தமிழ் இலக்கியத்தின் காலத்தை மிகவும் பிந்தியதாகவே குறித்தார். கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளுக்கு முன்னே அவரால் போக முடியவில்லை. மொழிக்கு நீதி வழங்கியவர், அதன் இலக்கியத்தின் வயதைக் குறைத்துவிட்டார்!

ஏட்டில் கிடைக்காத சாட்சி மண்ணில் கிடைக்குமா? அவருடைய பார்வை தாமிரபரணியின் முகத்துவாரத்தை நோக்கித் திரும்பியது.

கொற்கையில் மண்வெட்டி

கிரேக்கர் எழுதிய பழைய கடற்பயண நூலிலும், தாலமியின் பூகோளத்திலும் கொல்கை என்று ஒரு துறைமுகம் வருகிறது. முத்துக் குளிக்கும் இடமென்றும் சொல்லப்படுகிறது. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்ட காயல் என்னும் துறைமுகமும் இதே கரையில்தான் இருந்தது. அவை எங்கே?

கால்டுவெல் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார். கொல்கை என்பது கொற்கையே என்று நிறுவினார். கொற்கைக்கு அருகே அக்காசாலை என்று ஓர் ஊர் இருக்கிறது. அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். பாண்டியரின் தங்கசாலை அங்கே இருந்தது என்பதற்கு ஊர்ப் பெயரே சாட்சி என்று கண்டார். காயல் இருந்த இடத்தில் சீனப் பீங்கான் ஓடுகளும் அரபு நாட்டு மட்பாண்டத் துண்டுகளும் சிதறிக் கிடந்தன. அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தார். மார்க்கோ போலோவின் நூலைப் பதிப்பித்த கர்னல் யூலுக்கு இந்தச் செய்திகள் பெரிதும் உதவின.

பிறகுதான் கொற்கையில் தோண்டத் தொடங்கினார். புதையல் கிடைக்கவில்லை, பொன்னும் முத்தும் கிடைக்கவில்லை. கிடைத்தவை கடற்சிப்பிகளும், சங்குகளும், பானை ஓடுகளும், கடல் மணலும். வேறு யாராக இருந்தாலும் சலித்துப் போயிருப்பார்கள். கால்டுவெல்லுக்கு அந்தச் சிப்பிதான் புதையல். ஒரு காலத்தில் கடல் இங்கேதான் இருந்தது என்பதற்கு அது சாட்சி அல்லவா?

தாமிரபரணி ஆண்டுதோறும் வெள்ளத்தில் வண்டலைச் சுமந்து வந்து முகத்துவாரத்தில் கொட்டுகிறது. அந்த வண்டல் கடலைக் கொஞ்சம் கொஞ்சமாக அப்பால் தள்ளுகிறது. கப்பல் வர முடியாமல் கொற்கை துறைமுகம் தூர்ந்தது. வாணிகம் காயலுக்கு நகர்ந்தது. பிறகு காயலும் தூர்ந்தது. கடலைத் தேடி வாணிகம் மேலும் நகர்ந்து, கடைசியில் தூத்துக்குடி தலையெடுத்தது. சோறு போட்ட ஆறே துறைமுகத்தை மூடிவிட்டது. கால்டுவெல் கண்டு சொன்ன விளக்கம் இதுதான். 1877இல், பம்பாயிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சி இதழில் தம் முடிவுகளை வெளியிட்டார்.

தாழியின் மர்மம்

அதே காலத்தில் இன்னொரு புதிரும் அவர் கவனத்தைக் கவர்ந்தது. திருநெல்வேலிச் சீமையில் பல இடங்களில் பூமிக்கடியில் பெரிய பெரிய தாழிகள் கிடைத்தன. உள்ளே மனித எலும்பும் சிறு கலயங்களும் இருந்தன. அவற்றை மக்கள் மதமதக்கத் தாழி என்று அழைத்தார்கள். பழங்காலத்தில் மனிதர்கள் சாகாமலே வாழ்ந்தார்களாம். வயது ஏற ஏறப் பூனைக்குட்டி போலச் சுருங்கிப் போவார்களாம். அவர்களைத் தாழிக்குள் சோற்றோடு வைத்துவிடுவார்களாம். இப்படி ஒரு கதை ஊர்கள் தோறும் வழங்கி வந்தது.

கால்டுவெல் தாழிகளைத் திறந்து பார்த்தார். எலும்புகள் முழு வளர்ச்சி பெற்ற மனிதருடையவை என்று கண்டார். சுருங்கிய மனிதர் கதை பொய்யாயிற்று. ஆனால் இந்த மக்கள் யார், எக்காலத்தவர் என்ற கேள்விக்கு அவரால் விடை சொல்ல முடியவில்லை.

விடை இருந்தது. இறந்தவரைத் தாழியில் இட்டுப் புதைக்கும் வழக்கத்தைப் பாடும் செய்யுட்கள் புறநானூற்றில் உள்ளன. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டது 1894இல். கால்டுவெல் அப்போது உயிரோடு இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். கையில் தாழி இருந்தவருக்கு ஏடு கிடைக்கவில்லை. ஏடு வைத்திருந்தவர்களுக்குத் தாழியைப் பற்றிக் கவலை இல்லை.

கடைசி ஆண்டுகள்

1877இல் கல்கத்தாவில் கால்டுவெல்லுக்கு பிஷப் பட்டம் கிடைத்தது. அது தென்னாட்டைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டிய காலம். பஞ்ச நிவாரணப் பணியில் அவர் ஈடுபட்டார். 1881இல் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை எழுதி முடித்தார். பாண்டியர் காலம் முதல், பாளையக்காரர் போர்கள் ஓய்ந்து 1801இல் சீமை கும்பினியார் கைக்குப் போனது வரையிலான செய்திகளைத் தொகுத்த நூல் அது. சென்னை அரசாங்கமே அதை அச்சிட்டது.

1883இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். உடல் தளர்ந்ததும் 1891 ஜனவரியில் ஓய்வு பெற்றுக் கொடைக்கானலுக்குச் சென்றார். அவ்வாண்டு ஆகஸ்டு 28ஆம் தேதி அங்கே காலமானார். அவருடைய உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. 33 ஆண்டுகள் பாடுபட்டுக் கட்டிய ஆலயத்தில், பீடத்தின் கீழ் அடக்கம் செய்யப்பட்டது. 1899இல் மறைந்த எலைசா அம்மையாரும் அதே ஆலயத்தில் துயில்கிறார்.

மண் சொன்ன பதில்

கால்டுவெல் மறைந்த எட்டு ஆண்டுகளில், அலெக்சாண்டர் ரீ என்ற தொல்பொருள் அதிகாரி ஆதிச்சநல்லூரைத் தோண்டத் தொடங்கினார். தாழிகளோடு வெண்கலப் பாத்திரங்களும், இரும்பு ஆயுதங்களும், நெற்றியில் கட்டும் பொற்பட்டங்களும் வெளிவந்தன. 1968-69இல் தமிழக அரசின் தொல்லியல் துறை கொற்கையைத் தோண்டியது. அங்கே கிடைத்த கரியின் வயதை விஞ்ஞான முறையில் கணித்தபோது கி.மு. 785 என்று வந்தது. 2021இல் கொற்கை மீண்டும் தோண்டப்பட்டது. சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லின் வயது கி.மு. 1155 என்று அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. சிவகளை இரும்பு கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை கூறுகிறது.

கால்டுவெல் சொன்னவற்றில் சில நிற்கவில்லை. இலக்கியத்துக்கு அவர் குறித்த காலம் தவறு. திராவிட மொழிகளை மத்திய ஆசியாவின் சித்திய மொழிகளோடு உறவுபடுத்த அவர் செய்த முயற்சியையும் பின்வந்த அறிஞர்கள் ஏற்கவில்லை. ஆனால் தமிழின் வயதை ஏட்டில் மட்டுமல்ல, மண்ணிலும் தேட வேண்டும் என்று அவர் காட்டிய வழி நிலைத்தது.

சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை உண்டு. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. ரெட்டியார்பட்டியில் கொற்கைப் பகுதியைப் பார்க்கப் போகிறவர்கள், சங்குத் துண்டுகளும் பானை ஓடுகளும் இருக்கும் பெட்டிகளைப் பார்த்ததும் வேகமாகக் கடந்து போய்விடக் கூடாது. பொன்னை எதிர்பார்த்து வருகிறவர்கள் கண்ணுக்கு அவை வெறும் ஓடுகள். சித்திரம் பயின்ற ஒரு முதியவர், இத்தகைய சிப்பியையும் ஓட்டையும் கொண்டுதான், மறைந்துபோன ஒரு கடலைக் கண்டுபிடித்தார்.